எக்கார்ட் வீட்டில் மூப்பர் சபை கூடியது

சனிக்கிழமை மத்தியானம். உருளைக்கிழங்கு சூப்புக்கும் பிளம்ஸ் கேக்குக்கும் நடுவில் எக்கார்ட் எழுந்து நின்றான்.

"இன்னியிலேருந்து இந்த வீட்டுல போப்பாண்டவர் கிடையாது."

வால்புர்கா கரண்டியை நிறுத்தவில்லை. "இத்தனை நாளா இருந்தாரா? சொல்லியிருந்தா ஒரு தட்டு கூட வெச்சிருப்பேனே."

"உன்னைத்தான் சொல்றேன்."

"அப்படியா. உட்கார்ந்தே சொல்லுங்க. சூப் ஆறுது."

உட்கார்ந்தான். புருஷன்மார் செய்யும் புரட்சிகளில் பாதி சூப் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் கதையாகிறது.

ஓபர்லின்ஹைம் கிராமத்தில் கோயில் ஒன்று, குடித்தனம் இரண்டு. எந்தக் காலத்திலோ ஒரு பிரபு, சண்டை தாங்காமல் கோயிலுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார். பீடம் இருந்த பாதி கத்தோலிக்கருக்கு. ஜனங்கள் உட்காரும் பாதி, போப்பாண்டவரை ஏற்காத சீர்திருத்தச் சபைக்கு. அங்கே பூசை மணி அடித்தால் இங்கே போதகருக்குப் பிரசங்கம் தடுமாறும். எக்கார்ட் இந்தப் பக்கத்துக்காரன். சும்மா ஆளில்லை, சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூப்பர். வால்புர்கா சுவருக்கு அந்தப் பக்கம்.

வருஷத்திலேயே எக்கார்ட்டுக்குப் பெரிய நாள் பெரிய வெள்ளி. அன்றைக்குப் பார்த்துத்தான் வால்புர்காவுக்கு வீட்டிலிருக்கிற கம்பளத்தையெல்லாம் வெளியே தொங்கவிட்டு அடிக்கத் தோன்றும். தொப் தொப்பென்று தெருவே அதிரும். பதிலுக்கு, கத்தோலிக்கர் நற்கருணைப் பவனி போகும் வியாழக்கிழமை எக்கார்ட் டிராக்டரில் சாணி ஏற்றுவான். பவனிப் பாதையை ஒட்டிய வயலுக்கு எரு போட அதைவிட நல்ல நாள் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. இதைப் பகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஊர் முழுக்க இப்படித்தான். கம்பளமும் சுத்தமானது, வயலும் விளைந்தது.

ஆனால் இப்போது விஷயம் வேறு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஊரே கேட்பதை நிறுத்திய பிறகு, ஜனவரியில் அவர்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பிப்ரவரியில் ஞானஸ்நானம். சுவருக்கு எந்தப் பக்கம்?

"எங்க பக்கம்" என்றான் எக்கார்ட்.

"திருமுழுக்கு எங்க பக்கம்" என்றாள் வால்புர்கா, பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டே. ஞானஸ்நானத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

"பார்த்தியா, தீர்ப்பு சொல்ற மாதிரியே சொல்ற. அதைத்தான் வேண்டாங்கறேன். வேதம் இருக்கு, மனசாட்சி இருக்கு. நடுவுல ஒரு மனுஷன் எதுக்கு?"

"வேதம் தானா வாய் திறந்து பேசுமா? இதுக்கு இதுதான் அர்த்தம்னு வழிவழியா காப்பாத்திக் கொடுக்க ஆள் வேண்டாமா?"

"அந்த ஆளும் மனுஷன்தானே. தப்பே வராதா?"

"எப்பவும் வராதுன்னு யார் சொன்னா? போப்பாண்டவர் விசுவாச விஷயத்துல முறைப்படி அறிவிச்சா மட்டும்தான் வராது. டீசல் விலையிலேருந்து உருளைக்கிழங்கு சாலட் வரைக்கும் தப்பே பண்ணாத ஆள் இந்த வீட்டுல வேற ஒருத்தர் இருக்கார்."

எக்கார்ட் இதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தான். "எங்க சபையில எப்படி? மூப்பர்கள் கூடிப் பேசி ஓட்டுப் போடுவோம். இங்கயும் அப்படியே செய்வோம்."

"செய்வோமே. உங்களுக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு. சமம்."

அவன் இதை யோசித்திருக்கவில்லை.

"மூணாவதா ஒரு மூப்பர் வேணும்" என்றாள் வால்புர்கா. "அடுத்த வீட்டு லீஸ்பெத் அக்காவைக் கூப்பிடலாமா?"

எக்கார்ட் அவசரமாகக் கேக்கை விழுங்கித் தலையாட்டினான். லீஸ்பெத் அக்கா விதவை. ஏழு தலைமுறையாகச் சீர்திருத்தச் சபை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முடிந்ததும் போதகரையே வாசலில் மடக்கித் திருத்துகிறவள். இரண்டுக்கு ஒன்று, வெற்றி நிச்சயம். மனைவிக்குக் கணக்கு வராது என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். பாவம்.

லீஸ்பெத் கம்பளி பின்னும் பையோடு வந்து உட்கார்ந்தாள். எக்கார்ட் சின்னதாக ஒரு ஜெபம் செய்து சபையைத் தொடங்கினான்.

"நம்ம பக்கம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒரு கை உயர்ந்தது. அது அவனுடையது.

"அக்கா, ஊசியைக் கீழ வெச்சுட்டுத் தூக்கலாம்."

"அந்தப் பக்கத்துக்குத் தூக்கச் சொல்லு, தூக்கறேன்."

"நீங்க நம்ம ஆளு அக்கா."

"அதனாலதான் தம்பி. யார் மூஞ்சிக்காகவும் கை தூக்காதீங்க, மனசாட்சிப்படி தூக்குங்கன்னு போன கூட்டத்துல யார் பேசினா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துச்சு."

எக்கார்ட் பேசியதுதான். அவனுக்கும் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஓட்டு கிடக்கட்டும். ஓட்டுக்கு மேல வேதம்" என்று வேதாகமத்தை எடுத்துவந்தான். குழந்தைகளைத் தடுக்காமல் வரவிடச் சொல்லும் இடத்தை உரக்க வாசித்தான்.

"ரொம்ப அழகு" என்றாள் லீஸ்பெத். "எந்த வாசல் வழியா வரணும்னு போடலையே."

கணவனே தலை என்கிற இடத்துக்குத் தாவினான். வால்புர்கா எட்டிப் பார்த்து, அடுத்த வரிகளில் விரல் வைத்தாள். "கணவன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்கணும்னு இருக்கு. நான் கேக்கறது ஒரு ஞாயித்துக்கிழமைதான்."

"அது அந்த அர்த்தத்துல இல்ல."

"எனக்கு அந்த அர்த்தம்தான் படுது" என்றாள் லீஸ்பெத்.

"எனக்கு வேற மாதிரி" என்றான் அவன்.

எக்கார்ட் மேஜையைத் தட்டினான். "ஆளுக்கொரு அர்த்தம் சொன்னா எப்படி? கடைசியா யாராவது ஒருத்தர் இதுதான்னு சொல்ல வேண்டாமா?"

ஊசிகள் நின்றன. வால்புர்கா மிக மென்மையாக அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள்.

"திரும்ப ஒரு தடவை சொல்லுங்க. எங்க பாதிரியாரைக் கூட்டிட்டு வரேன்."

எக்கார்ட் டிராக்டர் கொட்டகைக்குப் போய்விட்டான். டிராக்டருக்கு மதம் இல்லை, வாயும் இல்லை. அதன் பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தபோதுதான் அவனுக்கே விளங்கியது. அவன் மனதை அரித்தது ரோமாபுரி அல்ல. ஞானஸ்நானத்தின்போது தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மூப்பரின் வேலை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர் அவன் சட்டைக் கையில் சிந்தும். வீட்டுக்கு வரும் வழியிலேயே காய்ந்துவிடும்.

பொழுது சாயும்போது உள்ளே வந்து, இதைத்தான் சொன்னான். வேதம், சபை, மனசாட்சி எதையும் துணைக்கு அழைக்காமல் சொன்னான். வால்புர்கா அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த ஆள் பலமாக ஓர் உதை விட்டது. யாருக்கு ஆதரவு என்று தெரியவில்லை.

"கடைசியா சொல்ற அந்த ஒருத்தர், இதுக்கு மட்டும் நானா இருக்கட்டுமா?" என்றாள்.

"இரு" என்றான்.

"அப்பீல் கிடையாது."

"கிடையாது."

"பவனி அன்னிக்குச் சாணி வண்டி கிடையாது."

"சரி."

"நம்ம வாசல்ல பூக்கோலம், பிர்ச் கிளைத் தோரணம். உங்க கையால."

"ஊர் பார்க்குமே."

"பார்க்கத்தானே போடறது."

"...சரி."

"உங்க பக்கம்."

"என்ன?"

"ஞானஸ்நானம் உங்க பக்கம். ஜாடியைப் பிடிங்க."

எக்கார்ட் மூக்கை உறிஞ்சினான். "உங்க பாதிரியார் என்ன சொல்வாரு?"

"பிள்ளையை முடிஞ்ச வரைக்கும் எங்க பக்கம் கொண்டுவர முயற்சி பண்றேன்னு கல்யாணத்தப்போ அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஓட்டே போட்டுப் பார்த்தாச்சே."

"அதுல நீதானே ஜெயிச்ச."

"ஜெயிச்ச பிறகு இரக்கப்படக் கூடாதுன்னு அவர் சொல்லலை."

அந்த இரக்கத்தில் எக்கார்ட் கரைந்துபோனான். ஒரு நிமிஷம், ரோமாபுரியைப் பற்றிக்கூட அவனுக்கு நல்ல அபிப்பிராயம் வந்தது. "எனக்காக மனசை மாத்திக்கிட்டியா வால்புர்கா?"

"மாத்த என்ன இருக்கு? பிப்ரவரியில எங்க பக்கத்துத் திருமுழுக்குத் தொட்டியில தண்ணி உறைஞ்சு கிடக்கும். குளிருக்கு அடுப்பு எரியறது கோயில்ல உங்க பக்கத்துலதான். பச்சைப் பிள்ளையை வேற எங்க கொண்டு போறது? நானும் லீஸ்பெத் அக்காவும் ஜூன்லயே பேசி முடிவு பண்ணிட்டோம்."

தான் அப்பா ஆகப்போகிற செய்தி எக்கார்ட்டுக்குச் சொல்லப்பட்டதே ஜூலையில்தான்.