மோப்பம் அண்ணனும் முறுக்கில் அடித்த மீன் வாசமும்

பினாங்குத் தீவில் மூக்கால் வம்பை விலைக்கு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மோப்பம் அண்ணன்தான். வாயால் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பாயான் பாரு ஃப்ளாட்டில் பஞ்சமே இல்லை, மாடிக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் மோப்பம் அண்ணன் வாங்கிய வம்பை என் தலையில் அல்லவா கட்டினார்! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சமையல் எண்ணெய் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எண்ணெயை முகர்ந்து தரம் பார்ப்பது அவர் வேலை. அவர் ஓய்வு பெற்றார், மூக்கு ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பந்தியில் அப்பளத்தை முகர்வார். ரொட்டி சானாய் கடையில் கல்லுக்கு மேலே குனிந்து, "இது வெயில்ல முத்துன சோயா எண்ணெய்" என்பார். கடைக்காரர் கரண்டியை ஓங்கியதை நானே பார்த்தேன்.

ஒருமுறை ஏதோ குளிர்நாட்டு சோயா விதையை வரவழைத்து, எங்கள் மாடி நடைபாதை முழுக்கத் தொட்டி வைத்தார். செடி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துத் தொலைத்தது.

"இங்க பகல் பத்தலம்மா. அந்த ஊர்ல கோடைப் பகல் நீளம், செடி நல்லா வளந்துட்டுதான் பூக்கும். இங்க அவசரப்பட்டுருச்சு."

"பகல் பத்தலையா? காயப்போட்ட என் துணியெல்லாம் வெளுத்துப் போவுதுண்ணே!"

கைப்பிடிகூட இல்லாத காய்களைப் பறித்து, அறுவடை என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தத் தொட்டிகளில் இடித்து என் கால் நகம் பெயர்ந்ததை யார் கேட்டார்கள்?

தீபாவளிப் பலகார ஆர்டர்தான் என் பிழைப்பு. கீழ்மாடி ஆச்சிதான் பெரிய வாடிக்கை. செட்டியார் வீடுதான், ஆனாலும் சுத்த சைவம், முட்டைகூட அவர் வாசலைத் தாண்டாது. அந்த வருஷம் வழக்கமான எண்ணெய் கிடைக்காமல், கடைக்காரர் கொடுத்த சோயா எண்ணெயில், சளி பிடித்து அடைத்த மூக்கோடு முறுக்கு சுட்டு அனுப்பினேன். அங்கே காப்பி குடிக்கப் போயிருந்த மோப்பம் அண்ணன் டின்னுக்குள் மூக்கை விட்டு, "மீன் வாசம் அடிக்குதே" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான்! டின்கள் திரும்பி வந்தன. கூடவே ஆச்சியும் வந்தார்.

"மீன் பொரிச்ச எண்ணெயிலயா எனக்குச் சுட்டே? சாமிக்குப் படைக்க இருந்தேனே, பாவி!"

சாயந்திரத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான் மீனே வாங்காத வீட்டுக்காரி என்று யாரிடம் போய்ச் சொல்வது? நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"என் வயித்துல அடிச்சிட்டீங்களேண்ணே!"

"நான் உன்னையச் சொல்லலம்மா, எண்ணெயச் சொன்னேன். ஒரே விதைதான். சூட்டுல காய் முத்துனா எண்ணெய் தாங்கும். குளிர்ல முத்துனா சீக்கிரம் கெடுற கொழுப்பு அதுல கூடுதல். அதை வெளிச்சத்துல வச்சா மீன் வாசம் வந்துரும். உன் கடைக்காரன் பாட்டில எங்க அடுக்கியிருக்கான்?"

"வாசல்ல. நல்ல வெயில்ல."

"அதான் லா!"

"இத ஆச்சிகிட்ட ஏன் சொல்லல?"

"காப்பி ஆறிப்போவுமேன்னு பாத்தேன். குடிச்சிட்டு நிமிந்தா ஆச்சியக் காணோம்."

கழுத்தை நெரித்திருப்பேன், வயசானவர் என்று விட்டேன். கையோடு இழுத்துக்கொண்டு போய் ஆச்சி வீட்டு கிரில் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். ஆச்சி கேட்டைத் திறக்கவே இல்லை. இவர் கம்பி வழியாகக் குளிர், வெயில், விளைச்சல் என்று ஆரம்பித்தார்.

"குளிராவது காய்ச்சலாவது, போங்க!" என்றார் ஆச்சி.

அதற்குள் இவர் பார்வை அடுப்படி சன்னலுக்குப் போய்விட்டது. "ஆச்சி, அங்க வெயில்ல நிக்குதே பாட்டில், அதே கடையிலயா வாங்குனீங்க? சீல் உடைச்சிட்டீங்களா?"

"பூசை வடைக்கு வச்சிருக்கேன். இன்னும் தொடல."

"உங்க கையாலயே உடைச்சு, சட்டியில ஊத்திச் சுட வையிங்க."

முறைத்துக்கொண்டே ஆச்சி செய்தார். எண்ணெய் காய்ந்ததும் எழும்பியது பாருங்கள் ஒரு வாசம்! முட்டை நுழையாத அடுப்படியில் மீன் மார்க்கெட்டே திறந்துவிட்டது. ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மோப்பம் அண்ணன் கம்பி வழியாக மெதுவாகக் கேட்டார். "யாரு வீட்டுல, ஆச்சி, மீன் பொரிக்கிறாங்க?"

அன்றைக்கே ஆச்சி வாட்ஸ்அப்பில் அந்த எண்ணெயைக் கிழி கிழி என்று கிழித்துக் குரல் பதிவு போட்டார். ஆர்டர்கள் திரும்பி வந்தன. வழக்கமான எண்ணெயைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் மறுபடி சுட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? மூச்! ஆச்சியும் கேட்கவில்லை, இந்த மனிதரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, அதற்குப் பிறகு இவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அழைக்காமலே வந்து என் சட்டிக்குமேல் குனிந்து நின்றார். நானும் விரட்டிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இந்தத் தீபாவளிக்கு அவர் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

முதல் ஈடு முறுக்கை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கும்மா. அனுப்பு" என்றார்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து டின்களை மூடினேன்.