படகின்மை எனும் அருமருந்து

நோயாளியைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பான் என்பது எங்கள் நாகோரோ தீவில் தேங்காய் உரிக்கிறவனுக்கும் தெரியும். சுகாதாரத் துறைக்குத்தான் தெரியாது. அதாவது, கேள்விப்பட்டிருக்கிறது, சான்று இல்லை.

எங்கள் நர்ஸ் மெரேசியானி, நோயாளிகளைப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மோட்டார் படகு கேட்டாள். படகினால் நன்மை விளையும் என்பதற்கு ஆதாரம் இல்லாத நிலையில் படகு வழங்க இயலாது என்றும், ஆதாரம் தேடும் முறை வேண்டுமானால் கற்றுத்தரப்படும் என்றும் துறை அருள்கூர்ந்தது. அவளும் தலைநகர் சுவாவுக்குப் போய் மருத்துவ ஆராய்ச்சி முறைப் பயிற்சி முடித்து, தோளில் ஒரு துணிப்பையும் வாயில் 'ஒப்பீட்டுக் குழு' என்ற சொல்லுமாகத் திரும்பினாள்.

பயிற்சி கொடுத்த டாக்டர் திமோதி நேரில் வந்தார். ஒரு தீவுக்குப் படகு, பக்கத்துத் தீவுக்குப் படகின்மை, ஒரு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று விளக்கினார். காசைச் சுண்டினார். படகு எங்களுக்கு விழுந்தது. படகின்மை யாலேவா தீவுக்கு. வித்தியாசம் தெரிந்தால் இரண்டு தீவுக்கும் நிரந்தரமாகப் படகு என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மழை விட்ட ஒரு காலையில் யாலேவாக்காரர் ஒருவர் சின்னத் தோணியில் துடுப்பு போட்டு வந்து, எங்கள் ஊர்த்தலைவர் சவேனாதா முன்னால், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை மரியாதைக்கு வைத்து உட்கார்ந்தார். அண்ணனுக்கு நெஞ்சுவலி, படகு வேண்டும் என்றார். இப்படி உரிமையோடு கேட்பதை நாங்கள் கேரேகேரே என்போம். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டபின் இல்லை என்கிறவன் சாவுக்கு ஊரில் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

மெரேசியானி குறுக்கே வந்தாள்.

"குடுக்காதீங்கண்ணே. ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

"குடுக்கலைன்னா மனுஷன் கெட்டுப்போவானே, சிஸ்டர்."

"அப்படிக் கெட்டுப்போனாத்தான் நமக்குப் படகு நிலைக்கும்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறினதும் அவள்தான். அந்த அண்ணன் பிழைத்தார். அதற்கப்புறம் யாலேவாவில் யாருக்கு என்ன வந்தாலும் வேர்க்கட்டு வரும், படகு போகும்.

வருஷம் முடிந்தது. டாக்டர் திமோதி கணக்குப் பார்த்து முகம் சுருங்கினார். இரண்டு தீவிலும் நோயாளிகள் ஒரே வேகத்தில் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறார்கள். வித்தியாசமே இல்லை.

"டாக்டர், அவங்க வந்ததும் இதே படகுலதான்" என்றாள் மெரேசியானி.

"யாலேவாவுக்குப் படகு ஒதுக்கலையே, சிஸ்டர். ஒதுக்காத படகுல எப்படி வருவாங்க?"

"உக்காந்துதான் வந்தாங்க."

உட்கார்ந்து வருவது ஆராய்ச்சித் திட்டத்தில் இல்லை என்று டாக்டர் வருந்தினார். கடைசியில் துறை முடிவு செய்தது: படகும் படகின்மையும் சம பலன் தருகின்றன, படகுக்கு எரிபொருள் வேண்டும், படகின்மைக்கு வேண்டாம், ஆகவே நாகோரோ மக்களுக்கும் படகின்மை பெருமகிழ்ச்சியுடன் வழங்கப்படுகிறது. படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மெரேசியானி கரையில் நின்று பார்த்தாள்.

இதற்குள் வானொலியெல்லாம் படகின்மைப் பேச்சு. படித்தவர்கள் நடுவில் அதுதான் நாகரிகம் என்றாகிவிட்டது. மூன்றாவது தீவான மோரியாலுவுக்குச் சொந்தமாக நல்ல படகு உண்டு. அந்த ஊர்த்தலைவர் எமோசி எதிலும் பின்தங்கப் பொறுக்காதவர். அந்தப் படகிலேயே வேர்க்கட்டோடு வந்து சவேனாதா முன்னால் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட இருக்கற படகின்மையில கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க."

சவேனாதா வேர்க்கட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டோம். ஆனா படகை வச்சிக்கிட்டு அதை எப்படி வாங்கிப்பீங்க தம்பி?"

எமோசிக்கு நியாயம் விளங்கியது. படகை எங்களிடம் விட்டார். அவரை அதே படகில் கொண்டுபோய் அவர் தீவில் இறக்கிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் எமோசியின் மனைவிக்குப் பிரசவ வலி என்று மோரியாலுக் கரையில் புகை எழுப்பினார்கள். மெரேசியானி ஓடினாள், படகு பறந்தது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. படகே இல்லாத தீவில் தாயும் சேயும் நலம் என்று துறை பூரித்துப்போய், படகின்மையின் மகிமைக்கு இன்னொரு சான்றாக அதைப் பதிந்துகொண்டது. எமோசி வானொலியில் துறைக்கு நன்றி சொன்னார். நாங்களும் கேட்டுக் கைதட்டினோம்.