யாருக்கு உள்ளூர்?

‘உள்ளூர் நேரம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சொல்லை டிக்கெட்டில் அச்சடித்தவர் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

லண்டனில் இருக்கும் என் தங்கை சுதாவுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா போக வேண்டும். டிக்கெட்டை சுதாவே அங்கிருந்து போட்டு அனுப்பினாள். திருச்சியில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. கீழே, ‘எல்லா நேரங்களும் உள்ளூர் நேரம்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

“உள்ளூர்னா நம்ம ஊர்தானே?” என்றார் என் கணவர்.

“டிக்கெட் வாங்கினது லண்டன்ல. வாங்கினவளுக்கு எது உள்ளூர்? நீங்க சும்மா இருங்க!” (நான் பிளஸ் டூ கணக்கு டீச்சர். குறுக்கே பேசினால் பிடிக்காது.) அப்போது லண்டனைவிட நமக்கு நாலரை மணி நேரம் முன்னால். ஆறோடு நாலரையைக் கூட்டினேன். பத்தரை. அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொன்னேன்.

மறுநாள் ஏழரைக்கு, ஊறுகாய், லேகியம் சகிதம் ஏர்போர்ட் வாசலில் இறங்கினோம்.

“ஃபிளைட் போயிடுச்சுங்க மேடம்” என்றார் வாசல் காவலர்.

“எப்படிங்க போகும்? யாரைக் கேட்டு விட்டீங்க?” என்று நான் போட்ட சத்தத்தில் டாக்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். கணவர் டிக்கெட்டைப் பொறுமையாக மடித்துப் பைக்குள் வைத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சுதாவுக்கு போன் போட்டேன். (அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணி. அந்தக் கழித்தலை மட்டும் மறந்துவிட்டேன்.)

“பிளேன் கிளம்புறது திருச்சியிலக்கா! அதுக்குத் திருச்சிதான் உள்ளூர்!” என்று நிறைமாதக்காரி அலறினாள்.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “நீ சொல்லிக்குடுத்தும் பாஸாகுதுங்க பாரு, அந்தப் பிள்ளைங்களைக் கும்பிடணும்டி.” வீடு வரும்வரை மாப்பிள்ளையோடு மட்டும் பேசினாள்.

அடுத்த சீட் கிடைப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. முதல் பேத்தியை அம்மா போனில்தான் பார்த்தாள். கண்ணைத் துடைத்தபடி, “கோபத்துல வருது” என்றாள்.

போன மாதம் திருவெறும்பூரில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். எங்களுக்கு வந்த பத்திரிகையில் மட்டும் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து: ‘திருவெறும்பூர் நேரம்’. வந்த ஆத்திரத்தில், எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த தம்பி வரும்வரை தெருவில் நின்றேன். இப்போது அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.