தோள் நோவும் ஆறரைத் துவக்கும்

இந்த வீட்டில் இனி ஒரு முடிவையாவது நான்தான் எடுப்பேன்.

இதை நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னேன். கதவைப் பூட்டிவிட்டுத்தான் சொன்னேன். தண்ணீரையும் திறந்துவிட்டிருந்தேன். வீரத்துக்கு முன்யோசனையும் வேண்டும்.

முடிவு இதுதான். பாரம் குறைந்த ஒரு வேட்டைத் துவக்கு வாங்குவது. அதுவும் எனக்குப் புதிய அளவில், ஆறரை மில்லிமீற்றரில்.

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் இருக்கிற யாழ்ப்பாணத்தான் சிறீஸ்கந்தராசாவுக்கு வேட்டை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள். என்னோடு வேலை செய்கிற மார்க்கின் குடும்பத்துக்கு லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு காடு இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன்னர் அவன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். நான் வேட்டைச் சோதனை எழுதினேன், பொலிஸ் அனுமதி எடுத்தேன், அன்றிலிருந்து ஒவ்வோர் இலையுதிர்காலமும் எல்க் வேட்டைக்குப் போகிறேன். எல்க் என்றால் நம்முடைய மரைக்குப் பெரியப்பன். மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால் உறவு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தக் காட்டில் மேட்டு உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. அது என் இடம். துவக்கோடு அங்கே போய் உட்கார்ந்தால் நான் ராசா. "கால் துடைச்சனீங்களோ?" என்று கேட்க ஆளில்லை. "லைற்றை நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்க ஆளில்லை. வருடத்தில் ஆறு நாள் எனக்கு அந்த ராச்சியம். உண்மையைச் சொன்னால், மற்ற நாட்களை நான் தாங்குவதே அந்த ஆறு நாளை நினைத்துத்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. என் பழைய துவக்கு முப்பது-ஆறு என்கிற பெரிய தோட்டா அளவு. தொலைநோக்கியோடு சேர்த்தால் ஐந்து கிலோ. போன வருடம் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கி வாங்கி நான் பாறைக்கு ஏறிச் சேர்ந்தபோது, இரண்டு எல்க் என் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மார்க் கோபிக்கவில்லை. நோர்வேக்காரன் கோபிக்க மாட்டான். "அடுத்த வருடமும் நேரத்துக்கு ஏற முடியாவிட்டால் பாறையை வேறு ஆளுக்குக் கொடுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்றே நான் துவக்குக் கடையில் ஒரு விளம்பரப் புத்தகம் எடுத்து வந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. இரண்டே முக்கால் கிலோ! சுற்றிப் பேனையால் வட்டம் போட்டேன். அந்த வாரம் சரஸ்வதி பூசை. ஆயுதங்களுக்கும் அதே காலத்தில்தானே பூசை? யாருக்கும் தெரியாமல் என் புத்தகத்தைப் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு அடியில் செருகினேன். அடுக்கின் மேலே கபிலக் கடதாசி உறை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. என் மனைவி கிருஷ்ணகுமாரியின் தையல் வகுப்புப் புத்தகம். அவளும் படிக்கட்டும் என்று பெருந்தன்மையோடு அதன்மேல் நானே ஒரு பூ வைத்தேன்.

போன பனிக்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் அவள் தையல் வகுப்புக்குப் போனாள். ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் வந்தது. முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும் குமாரி, ஒரு விசயம் கதைக்கோணும்."

"கதையுங்கோ. காது சும்மாதானே இருக்கு."

"புதுத் துவக்கு ஒண்டு எடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

"இருக்கிறது சுடுதில்லையோ?"

"சுடுது. ஆனா பாரம். புதுசு ரெண்டு கிலோவுக்கு மேலை குறைவு."

அவள் கத்தியை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, சேட்டுப் பொத்தான்கள் கஷ்டப்படுகிற இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோதானே? அதை ஏன் துவக்கிலை குறைக்கிறியள்?"

அத்தோடு நேர்வழி அடைபட்டது. ஆனால் நான் பணியவில்லை. பணிந்தால் பாறை போய்விடும். மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன். அங்கே கிளின்ரன் இருக்கிறான். ஆலோசனை சொல்வதென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

"அண்ணை, நேர கேட்டா எந்த மனுசியும் விடாது," என்றான். "எங்கட வீட்டுப் பெரிய ரீவி எப்பிடி வந்தது? கண் மங்குது எண்டனான். அடுத்த கிழமை வந்திட்டுது."

"இப்ப கண் எப்பிடி?"

"இப்பவும் மங்கல்தான் அண்ணை. தெளிஞ்சுது எண்டா திருப்பி அனுப்பிப்போடுவா."

"அப்ப நான் என்ன சொல்லுறது?"

"தோள் நோ எண்டுங்கோ. பாரமான துவக்குத் தூக்கித் தூக்கி வந்த நோ. மிச்சத்தை அக்காவே சொல்லுவா, பாரமில்லாதது ஒண்டு எடுங்கோவன் எண்டு. நீங்கள் வேண்டாம் வேண்டாம் எண்டு நிண்டாச் சரி."

என்ன மூளை! அன்று மாலையே எனக்குத் தோள் நோ வந்துவிட்டது. சோபாவில் சாய்ந்து ஒரு முனகல் விட்டேன். சுமாரான முனகல்தான். முதல் நாள் அல்லவா?

"என்னங்கோ?"

"ஒண்டுமில்லை. வலத்தோள். துவக்கின்ரை பாரம் போலை."

கிருஷ்ணகுமாரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நோவென்றால் விடமாட்டாள். எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் நின்று பூசினாள்.

"இஞ்சையோ நோகுது?"

"ஐயோ! அங்கைதான். அங்கையேதான்."

மூன்று வாரம் இந்த நாடகம் நடந்தது. நான் ரீவி பார்ப்பேன், அவள் பின்னால் நின்று தேய்ப்பாள், விளம்பரம் வரும்போதெல்லாம் நான் முனகுவேன். அரிசி மூட்டையை அவளே மாடிக்குத் தூக்கினாள். குப்பைப் பையை அவளே இறக்கினாள். இத்தனை வருடமாக இந்த நோவை எங்கே விட்டு வைத்திருந்தேன் என்று எனக்கே கவலையாக இருந்தது. ஆனால் துவக்கைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில் நானே தொடங்க வேண்டியதாயிற்று.

"பாரமில்லாத துவக்கு எண்டா இந்தத் தோளுக்குச் சுகமாயிருக்கும் எண்டு கிளின்ரன் சொல்லுறான். நான்தான் வேண்டாம் எண்டு நிக்கிறன்."

"வேண்டாம் எண்டது நல்லது," என்றாள்.

"என்ன?"

"துவக்குப் பாரம் குறைஞ்சா உதை கூடுமப்பா. பாரமான துவக்கு உதையைத் தான் வாங்கிக்கொண்டு உங்களை மெல்லத் தள்ளும். பாரமில்லாதது எல்லாத்தையும் தோளிலை இறக்கும். நோவுள்ள தோளிலை அதை வைப்பினமோ?"

நான் விடவில்லை. "அதுக்குத்தான் புது அளவு! ஆறரைத் தோட்டா சின்னன். முப்பது-ஆறை விட உதை குறைவு."

"ஓம், தோட்டாவிலை குறையிறது உண்மை. ஆனா துவக்கு இவ்வளவு பாரமில்லை எண்டா, குறைஞ்சதை அது திருப்பிக் குடுத்திடும். உங்கட தோளுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பருப்புக்கு எவ்வளவு உப்பென்று சொல்வதுபோல அல்லவா சொல்கிறாள்!

"இதெல்லாம் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"படிச்சனான்."

உள்ளே போய் அந்தக் கபிலக் கடதாசி உறை போட்ட புத்தகத்தைக் கொண்டு வந்தாள். உறையைக் கழற்றினாள். அட்டையில் ஓர் எல்க் என்னைப் பார்த்தது. வேட்டைச் சோதனைப் புத்தகம்!

"அப்ப தையல் வகுப்பு?"

"தையல் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். வகுப்புக்குப் போறன் எண்டன், தையலோ எண்டு கேட்டீங்கள், நான் சிரிச்சனான்."

"சோதனை?"

"பங்குனியிலை பாஸ். பெரிய மிருகத்துக்குச் சுடுற சோதனையும் ஆனியிலை முடிஞ்சுது. முதல் தரமே." கடைசி இரண்டு சொல்லையும் அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் மூன்றாம் தரம்தான் தேறினேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பதினொரு வருசம் நீங்கள் காட்டாலை வரேக்கை உங்கட முகத்தைப் பாத்தனான். அப்பிடிச் சந்தோசமா நீங்கள் கலியாணத்தண்டும் இருக்கேல்லை. அங்கை என்னதான் இருக்கு எண்டு பாப்பமே எண்டு நினைச்சன்."

எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு இளகிவிட்டது. அந்த இளகிய நிமிடத்தில்தான் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"துவக்குக்கும் அனுமதி வந்திட்டுது. என்ரை பேரிலை. எது எடுக்கிறது எண்டு யோசிச்சுக் கஷ்டப்படேல்லை. பூசை முடிஞ்சு ஏடு எடுக்கிற அண்டைக்குச் சரஸ்வதிக்கு முன்னாலை, புத்தகங்களுக்கு அடியிலை கிடந்தது. பன்னிரண்டாம் பக்கம், வட்டமும் போட்டு. அம்பாளே காட்டித் தந்திட்டா."

இருவரும்தான் புத்தகம் வைத்தோம். அம்பாளும் பார்த்திருக்கிறாள். படித்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் எழுந்து நின்றேன். "துவக்கை நீர் வைச்சிரும். நான் பழைய துவக்கோடை பாறைக்கு ஏறுவன். செத்தாலும் ஏறுவன்!"

"இந்தத் தோளோடையோ? நான் மார்க்குக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன். பாவம், அவர் எவ்வளவு கவலைப்பட்டார் தெரியுமே? இந்த முறை உங்களைத் துவக்கோடை காட்டுக்குள்ளை விடமாட்டாராம். பாறைக்கு என்னை வரட்டாம்."

நோவு பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று வார அரிசி மூட்டைக்கும் குப்பைப் பைக்கும் கணக்குக் கேட்பாள். தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். ஆனால் உள்ளுக்குள் நான் பணியவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டையின் முதல் நாள் மார்க் என் வேலையை விளக்கினான். அவனுடைய நாய்க்குக் காலில் சுளுக்கு. ஆகவே காட்டுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு நடந்து, எல்க்கை எழுப்பி, பாறைப் பக்கம் விரட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பதினொரு வருடம் ராசா, இப்போது நாய்க்குப் பதில். செம்மஞ்சள் மேலங்கி தந்தார்கள். சேற்றுக்குள் கால் புதையப் புதைய, "ஏய்! ஹோய்! ஹோய்!" என்று கத்திக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் என் மனைவி இருக்கும் திசையைப் பார்த்து நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அதுதான் முதல் தடவை. அந்த மட்டில் நன்றாகவே இருந்தது.

பத்து மணிக்கு ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. சிறிது நேரத்தில் என் வோக்கிடோக்கியில் மார்க்கின் குரல் குதித்தது. "உன் மனைவி ஒரு கன்றை வீழ்த்திவிட்டாள்! ஒரே சூடு!"

மேடேறிப் போனேன். எனக்கு முன்னரே மார்க்கும் ஆட்களும் வந்து எல்க்கை உரித்துத் துண்டாக்கத் தொடங்கியிருந்தார்கள். என் பாறையில் கிருஷ்ணகுமாரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் ஆறரைத் துவக்கு. கையில் என் சுடுதண்ணிப் போத்தலின் தேத்தண்ணி. முகத்தில் அந்தச் சந்தோசம், அவள் பதினொரு வருடம் என் முகத்தில் பார்த்தது.

"கால் துடைச்சிட்டு ஏறுங்கோ, பாறை முழுக்கச் சேறாக்காமல்," என்றாள்.

என் ராச்சியத்திலா! எனக்குள் இருந்த சிறீஸ்கந்தராசா எழும்பினான். வருகிறது வரட்டும்.

"கிருஷ்ணகுமாரி! கேளும். எனக்குத் தோளிலை ஒரு நோவும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. எல்லாம் பொய்! அடுத்த வருசம் இந்தப் பாறையிலை நான்தான் இருப்பன்!"

மார்க்குக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தாள்.

"தெரியும்," என்றாள். "முதல் நாளே தெரியும். நீங்கள் வலத்தோள் எண்டு முனகினீங்கள். நான் மூண்டு கிழமையும் தேய்ச்சது இடத்தோள்."

பிறகு பாறையிலிருந்து இறங்கி, உரித்து வைத்திருந்த பின்தொடை ஒன்றைக் காட்டினாள்.

"சுகம்தானே? அப்ப இதைக் கார் மட்டும் தூக்குங்கோ."

தூக்கினேன். கார் வரைக்கும் இரண்டு கிலோமீற்றர். அன்று மாலை எனக்கு வலத்தோள் உண்மையாகவே நொந்தது. வீட்டில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.