மூன்றாம் ஓலை

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஓலையை வாசிக்காமலேயே சாமியார் பூசையை முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை மாதா கோயிலில் வாசிப்பார்கள்; அதுதான் ஓலை. தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். டெய்சியின் பெயர் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் வாசிக்கப்பட்டது. இந்த வாரம் பூசை முடிந்ததும் அவள் அப்பா டோமினிக் வாத்தியார் நேரே போய், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஞானமுத்துவைப் பிடித்தார்.

"தடை வந்துருக்கு சார். யாருன்னு நான் சொல்லக் கூடாது."

டோமினிக் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர் இல்லை. போன வாரம்தான் அரியலூர் வாசகர் வட்டத்தில் ஒரு கதையைக் கிழித்துவிட்டு வந்திருந்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரு லாரி முதலாளிக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்கிறார்கள். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கடைசி வரியில் அறைக்கதவை அவளே உள்ளேயிருந்து தாழ் போடுகிறாள். படித்தவர்களில் பலருக்குத் தூக்கம் வரவில்லையாம். டோமினிக்குக்கு வந்தது கோபம். அதுவும் அந்தப் பெண்ணின் மேல்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல நாக்கு இல்லாதவளுக்கு நான் எதுக்குங்க அழணும்?" என்று மேஜையைத் தட்டினார். நல்ல கைதட்டல்.

முன்வரிசையில் இருந்த டெய்சியிடம் தலைவர் கருத்துக் கேட்டார். மைக் அவளிடம் போவதற்குள் டோமினிக் வாங்கிக்கொண்டார். "என் மகளும் இதைத்தான் சொல்லுவா."

ஓலை எழுதிய அன்றும் அப்படித்தான். சம்மதமா என்று சாமியார் டெய்சியைக் கேட்க, "முழுச் சம்மதம், ஃபாதர்" என்றார் டோமினிக். அவளுக்கு பி.எட். முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. படித்தது போதும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அதற்கும் தலையாட்டியது அவர்தான். டெய்சியின் அம்மா பாத்திமா மேரி உயிரோடு இருந்தவரை அவரை நிறுத்த அந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தது.

"வண்டியில ஏறு. உன் மூஞ்சியப் பாத்தாவது உண்மையச் சொல்லுவானுங்க" என்று கோயில் வாசலிலிருந்தே டெய்சியைக் கிளப்பினார்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்."

முதல் சந்தேகம் பங்காளி சவரிமுத்து மேல். வரப்புத் தகராறு ஒன்று பழசாகக் கிடந்தது. வாசலில் நின்றே டோமினிக் கேட்டுவிட்டார். அதை மறந்து, கல்யாணப் பந்தலைத் தன் செலவில் போடுவதாகச் சொல்லியிருந்த மனிதர் சவரிமுத்து. மூங்கில்கூட வந்து இறங்கியிருந்தது. மூங்கிலைத் திருப்பி அனுப்ப அவர் அங்கேயே போன் போட்டார்.

அடுத்து ஏலாக்குறிச்சி, மாப்பிள்ளை வீடு. தடை என்று புரளி வந்தால் நம்ப வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொல்வதற்காகப் போனார். அவர்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

"தடையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அப்ப என்னமோ இருக்கு." பாதி குடித்த காப்பித் தம்ளர்கள் உள்ளே போயின. யோசித்துச் சொல்வதாக மாப்பிள்ளையின் அப்பா வழியனுப்பினார்.

வெளியே வந்ததும் டெய்சி மறுபடி ஆரம்பித்தாள். "அப்பா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க."

"கல்யாணமே நிக்கப் போவுது, இப்ப என்ன உனக்கு? பேசாம ஏறு."

சாயங்காலம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார். டெய்சி இறங்கவில்லை. மணியடிக்கப் போன ஞானமுத்துவை டோமினிக் மறித்துக்கொண்டார். பந்தல் போயிற்று, சம்பந்தி போயிற்று, பங்காளி போனான் என்று குரல் உடைந்தது. பிறகு அரியலூர்க் குரல் வந்துவிட்டது.

"ஒளிஞ்சு நின்னு தடை சொல்றவன் கோழை. தைரியம் இருந்தா என் முன்னால வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

ஞானமுத்து மணிக்கயிற்றை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"முன்னால எப்புடி சார் வரும்? காலையிலேருந்து நீங்கதான் அதைப் பின்னால உக்கார வச்சே சுத்திட்டு வரீங்களே."