மெசினுக்குப் பதில் சொல்லக் கூடாது

லியனார்ட் அன் கோ, குரல் அஞ்சல்,
பஸ் நிறுத்தத்துக்கு எதிரில்,
நோர்வூட்.
ஒக்டோபர் 1982

கோத்தகிரியில் வாழும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் இராயப்பன் அவர்களுக்கு,

மாமனார் லியனார்ட் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாமியார் டோரீனும் சுகமாக இருக்கிறோம். அதாவது, என் மூச்சிரைப்பையும் அவளுடைய காதையும் கம்பெனியின் நிலைமையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சுகம். நீங்களும் மகள் இசபெல்லும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு நான் அனுப்பிய வெறும் கேசட் என்ன ஆனது? அதில் ஒரே ஒரு பக்கம் இசபெல்லைப் பேச வைத்து அனுப்புங்கள் என்று கெஞ்சி எழுதியிருந்தேன். மைக்செட் கடையில் ஆம்பிளைகள் இருக்கிறார்கள், அவள் கூச்சப்படுகிறாள் என்று பதில் போட்டீர்கள். மாப்பிள்ளை, அந்த ஆம்பிளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்ப முடியாதா? டீ வாங்கிக் கொடுத்தாவது அனுப்புங்கள், செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். ஹட்டனில் காது டாக்டரிடம் டோரீனைக் கூட்டிப் போனேன். தேயிலை ஸ்டோரில் சல்லடை மெசினுக்குப் பக்கத்திலேயே நின்று தூள் சலித்தவள் அல்லவா, இடது காது முற்றாகப் போய்விட்டது, வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வரும் என்று சொல்லிவிட்டார். நான் டாக்டருக்கு முன்னாலேயே அவளுடைய நல்ல காதில் சத்தமாகச் சொன்னேன்: "வலதும் போச்சுன்னா மெசினை வித்துட்டு ஒன்னைய கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா." அவள் உடனே, "எனக்கென்ன கேடு, நல்லாத்தான் கேக்குது, மெசின் மேல கைய வைக்காதீங்க" என்றாள். அந்த வலது காது இருக்கும்போதே மகளுடைய குரலை அவள் கேட்டுவிட வேண்டும். இதுதான் என் வேண்டுகோள். மற்றதெல்லாம் கம்பெனி விவகாரம்.

கம்பெனி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு நின்றவன் செபமாலையும் கையுமாக மூலையில் உட்காராமல் எதற்கு இந்த வயதில் தொழில் தொடங்கினான் என்று உங்கள் அப்பா கேட்டதாகக் கேள்வி. சம்பந்தியிடம் சொல்லுங்கள், ஹட்டன் ஸ்டேசனில் உங்களை வண்டி ஏற்றிய அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. அன்றைக்கு அந்த மேடையில் இந்தியாவுக்குப் போகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் ஒரே அழுகை. காலையிலிருந்து பக்கத்திலேயே நின்றவர்கள் பானை சட்டியைப் பற்றியும் மூட்டை முடிச்சைப் பற்றியும்தான் பேசினார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் வண்டி நகர்ந்த பிறகுதான் சொன்னார்கள், அது யார் காதிலும் விழவில்லை. இசபெல்லும் ஜன்னலில் தலையை நீட்டி என்னவோ கத்தினாள். எனக்கும் கேட்கவில்லை, டோரீனுக்கும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் "என்னங்க சொன்னா? என்னங்க சொன்னா?" என்று என்னைப் போட்டுப் பிய்த்தாள். இதற்கு ஒரு மெசின் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் டேப் ரெக்கோர்டர் வாங்கி, டெய்லர் கடைக்குப் பக்கத்து அறையை எடுத்து, பின்னால் நாங்கள் குடியேறி, முன்னால் போர்டு மாட்டினேன். எழுதத் தெரியாதவர்கள் இனி கடிதம் எழுதிக் கேட்டுப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம், தங்கள் வாயாலேயே பேசலாம், கேசட்டை நான் பதிவுத் தபாலில் இந்தியாவுக்கு அனுப்புவேன். அங்கே மைக்செட் கடையில் போட்டுக் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பலாம். நான் மனேஜிங் டிரெக்டர். டோரீன் செக்கிங். பதிவான ஒவ்வொரு கேசட்டையும் அவள் பின்னறைக்குக் கொண்டுபோய் மெசினில் காதை வைத்துக் கேட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பார்சல் கட்டுவேன். அந்த வேலையை அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தொழில் எடுத்த எடுப்பில் ஓகோவென்று நடந்தது. ஆனால் நம் சனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? போட்டோ ஸ்டூடியோவுக்கு வருவதுபோல் பவுடர் பூசி, பூ வைத்து, இரவல் நகையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தோட்டத்து மேல்கணக்கு லயத்திலிருந்து பேச்சியம்மா பேரனைத் தூக்கி வந்து, அவன் வாயை இரண்டு விரலால் பிளந்து மைக்குக்கு முன்னால் காட்டி, "பாருய்யா, ஒம் மவனுக்குப் பல்லு மொளைச்சிருச்சு, நல்லாப் பாரு" என்றாள். மெசினுக்குக் கண் கிடையாதும்மா என்றேன். "நீங்க சும்மா இருங்க, அவன் பாப்பான்" என்று என்னை அதட்டினாள். பதில் கேசட் வரும்போது கூத்து இன்னும் பெரிதாகும். மகன் அங்கிருந்து, ஆத்தா நல்லா இருக்கியா என்று கேட்பான், இவள் இங்கே எழுந்து நின்று, "இருக்கேன்யா, நீ சாப்பிட்டியாய்யா?" என்பாள். அதற்குள் அவன் வேறு எதையோ பேசிக்கொண்டு போவான், "கேட்டதுக்குப் பதில் சொல்றானா பாரு" என்று கோபித்துக்கொள்வாள். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொல்வாள், பேட்டரி தீரும். கடைசியில் நான் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன்: "மெசினுக்குப் பதில் சொல்லக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகம்." வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் கம்பெனியே நடக்கிறது என்பது மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிறகு வட்டகொடையில் கிளை திறந்தேன். என்னோடு ஸ்டோரில் வேலை செய்த பழனியாண்டியை மனேஜராகப் போட்டேன். அந்த மனிதன் வாடகை குறைவு என்று ஸ்டேசனை ஒட்டியே அறை எடுத்துவிட்டான். நாலு வார்த்தை பேசுவதற்குள் ரயில் வந்துவிடும், கேசட் முழுக்க ரயில் சத்தம். வாடிக்கையாளர் என்னை அடிக்க வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன், இந்தியாவிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "ரயில் சத்தம் கேட்டதும் எல்லோரும் அழுதுவிட்டோம், அடுத்த தடவை பேச்சைக் குறைத்து ரயிலைக் கூட்டிப் போடவும்." நானும் அதைக் கேட்டு அழுதேன், மாப்பிள்ளை, மறைப்பானேன். ஆனால் ரயிலுக்குக் கட்டணம் வசூலிக்க முடியுமா? இந்த நேரத்தில் பழனியாண்டிக்கே இந்தியப் பாஸ்போர்ட் வந்து, குடும்பத்தோடு போகத் தேதியும் குறித்துவிட்டார்கள். கிளையை இழுத்து மூடிவிட்டு அவனும் அதே ரயிலில் ஏறினான். "அண்ணே, அங்கிட்டுப் போயி நானே ஒங்களுக்கு வாடிக்கையாளரா ஆயிடுறேன்" என்றான். அவன் பேசி அனுப்புவதற்கு இங்கே அவனுக்கு யாருமே மிச்சமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தொழிலின் சங்கடமே இதுதான். ஒருவர் போனால்தான் மிச்சம் இருப்பவர் என் கடைக்கு வருவார். மிச்சம் இருப்பவருக்கும் ஒருநாள் தேதி வந்துவிடும். வலப்பனைக் கிளைக்குப் போர்டு மட்டும் எழுதி வைத்தேன், அது இப்போது எங்கள் அடுப்படிக்குக் கதவாக இருக்கிறது.

இதற்குமேல்தான் பெரிய அடி. பேச்சியம்மாவின் மகன் எழுதினான்: "கேசட்டில் ஒன்றுமே இல்லை, உஸ் என்று காற்று மட்டும் வருகிறது." பிறகு இன்னொருவர், பிறகு வரிசையாக. நான் மெசினைக் கழற்றிப் பார்த்தேன், மைக் வயர் உள்ளே அறுந்துதான் கிடந்தது. ஆனால் அது நான் கழற்றும்போது அறுந்திருக்க வேண்டும், ஏனென்றால் போன ஒவ்வொரு கேசட்டையும் டோரீன் தன் காதால் கேட்டு, சிரித்து, "பாவம், பேச்சியம்மா எப்படிப் பேசுறா" என்று கண்ணைக்கூடத் துடைத்திருக்கிறாள். ஆகவே குற்றம் கடலில் இருக்கிறது. உப்புக் காற்று பட்டு வழியில் குரல் அழிந்திருக்கிறது. ஸ்டோரில் எலெக்ட்ரீசியனாக இருந்தவன் சொல்கிறேன், வேறு காரணமே இருக்க முடியாது. சனங்கள் கேட்டால்தானே? பேச்சியம்மாவுக்கு அந்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டது, போயிற்று. "லியனார்ட் மெசின் கொரலை முழுங்குது" என்று பெரட்டுக் களத்தில் நின்று சொல்லிவிட்டாள். காலையில் பெயர் கொடுக்க வந்த அத்தனை பேர் காதிலும் அது ஏறிவிட்டது. இப்போது என் கடை வாசலைத் தாண்டும்போது பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள். டோரீன்தான் பாவம், "எல்லாம் என்னாலதாங்க" என்று அழுகிறாள். நீ என்னடி செய்தாய், கடல் செய்ததற்கு, என்று தேற்றுகிறேன்.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. கோத்தகிரியில் நம் கம்பெனியின் இந்தியக் கிளையை நீங்கள் தொடங்குகிறீர்கள். உங்களை டிரெக்டராக நியமித்து இத்துடன் உத்தரவு எழுதுகிறேன். கடல் தாண்டாமல் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் நடுவில் மட்டும் கேசட் போகட்டும், குரல் அழியாது. முதல் பதிவாக இசபெல்லின் குரலை எடுத்து, அந்த ஒன்றை மட்டும் தகர டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றி அடைத்து இங்கே அனுப்புங்கள். ஆம்பிளைகள் டீ குடிக்கட்டும். மெசின் தயாராக இருக்கிறது. பேட்டரிகள் கொஞ்சம் செத்துவிட்டன, கடைக்குக் கரண்ட் இல்லாததால் அவற்றை நம்பித்தான் ஓட்டம். நோர்வூட்டில் அபூர்வமாக இன்று வெயில் அடிக்கிறது, எல்லாவற்றையும் கழற்றித் தகரக் கூரையில் காய வைத்திருக்கிறேன். வெயிலில் வைத்தால் இன்னும் இரண்டு நாள் உயிர் வரும்.

சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் தோத்திரம். உங்கள் கைத்தொழிலையும் கால்நடையையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. இசபெல்லின் நெற்றியில் என் சார்பில் சிலுவை போட்டு விடுங்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும் மாமனார்,
லியனார்ட்,
மனேஜிங் டிரெக்டர்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் தபால்காரர் வந்து பார்சல் கொடுத்தார். மேலே இசபெல்லின் கையெழுத்து. உங்களைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். டோரீனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கேசட்டைக் காட்டினேன். பூசைக்குப் போவதுபோல் கை கழுவி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து வலது காதை அதன்மேல் வைத்தாள். நான் பட்டனை அமுக்கினேன். கேசட் சுற்றவில்லை. பேட்டரி எல்லாம் கூரையில் அல்லவா கிடக்கிறது? இரு, எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, பேசுறா, பேசுறா!" என்றாள். "அம்மா நல்லா இருக்கியாங்கிறா. அப்பா மூச்சிரைப்புக்கு மருந்து குடிக்கிறாரான்னு கேக்குறா. குளிருதாம், கம்பளி வாங்கியாச்சாம்." கண்ணிலிருந்து கொட்டுகிறது, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டு, "பேசி முடிச்சிட்டா. நிப்பாட்டுங்க, பேட்டரி வீணாப்போகுது" என்றாள். ஓடாத மெசினை நிறுத்துவதுபோல் நான் பட்டனை அமுக்கினேன்.

எத்தனை காலமாக அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லையோ எனக்குத் தெரியாது. தெரிந்தால் மெசினை விற்றுவிடுவேன், கம்பெனி போய்விடும் என்று பயந்து அத்தனை கேசட்டுக்கும் தலையாட்டியிருக்கிறாள். கடலின்மேல் ஒரு குற்றமும் இல்லை. மேலே நான் எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். கிளையும் வேண்டாம், டிரெக்டரும் வேண்டாம், மெசினை விற்கிறேன், அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன். இனிமேல் கேசட் அனுப்பாதீர்கள். இசபெல்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், ரொம்பச் சந்தோசப்பட்டாள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

டோரீன் பின்னால் சோறாக்கப் போனதும் பேட்டரியைப் பொறுக்கி வந்து போட்டு நான் தனியே கேட்டேன். முதல் வார்த்தையே, "அம்மா, கேக்குதா?" என்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை பேசாமல் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருக்கிறாள். என் அட்டை எதிரே சுவரில்தான் தொங்கியது. இருந்தும் நான் எழுந்து நின்று, "கேக்குது புள்ள" என்றேன்.