அப்பாவின் பேன்ட் இறுகிப்போன விவரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கடையில் உள்ள இரண்டு தையல் மிஷின்களும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மிஷின்களுக்கு மட்டும் எண்ணெய் போட வேண்டியிருக்கிறது. உன் சுகத்துக்கு எழுது.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தப் பதில். வர வேண்டாம். அப்பா தேறிவிட்டேன். புற்றுநோய் ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, வேரோடு எடுக்க முடியாது, கீமோ கொடுத்து அடக்கி வைக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னது உண்மைதான். நாலாவது ஸ்டேஜாம். எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவனை நோய் மட்டும் நேரே நாலாவதில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. முடி போய்விட்டது, சீப்பு இனி அம்மாவுக்கே சொந்தம். எதைத் தின்றாலும் சாவிக்கொத்தை நக்கினது மாதிரி இருக்கிறது. சமையலைக் குறை சொன்னால் "அது மருந்தோட வேலை" என்று அவள் முடித்துவிடுகிறாள், இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஆனால் எனக்கு எடை கூடியிருக்கிறது. சாட்சி என் பேன்ட்.

போன தடவை கீமோ முடிந்ததும் பேன்ட் தொளதொளவென்று ஆகிவிட்டது. அம்மா பார்த்தால் மனசு உடைந்துபோவாளே என்று, அவள் குளிக்கப் போன சமயம் பின்பக்கத் தையலைப் பிடித்துச் சின்னதாக்கினேன். மருந்தில் விரல் மரத்துப்போனதால் தையல் பாம்பு போன தடம் மாதிரி போயிற்று, போகட்டும், சட்டை மறைக்கும். நேற்று அடுத்த கீமோவுக்குக் கிளம்பினால் அதே பேன்ட் தொடையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கட்டிலில் மல்லாந்து, மூச்சை அடக்கி, ஒரு வழியாக ஏற்றினேன். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த சிஸ்டர், "இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க ஐயா" என்றார். "மிஷினை மாத்தும்மா. நான் டெய்லர். துணி பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்தில் பட்டன் தெறித்துப் பக்கத்து நாற்காலிக்காரரின் டீயில் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் எடுத்துப் பார்த்து, "சிஸ்டர், இதைக் கடிச்சுத் திங்கணுமா, அப்படியே முழுங்கணுமா?" என்று கேட்டார். மருந்து ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வைத்துவிடப் போகிறாள்.

ஆகவே நீ நிம்மதியாக உன் வேலையைப் பார். வேளைக்குச் சாப்பிடு. நூல் சிக்காமல், ஊசி உடையாமல் உன் வாழ்வு ஓடட்டும்.

இப்படிக்கு,
பருத்துக்கொண்டே போகும் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பேன்ட்டைத் தளர்த்திவிடலாம் என்று என் தையலைப் பிரித்தேன். அப்படியும் இறுக்கம் முழுதாகப் போகவில்லை. திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கவாட்டிலும் புதுத் தையல், கோடு போட்ட மாதிரி நேராக. இந்த வீட்டில் இப்போது அப்படித் தைக்க ஒருத்தியால்தான் முடியும். "என்னடி இது?" என்றேன். "நீங்க எளைச்சது உங்களுக்குத் தெரிய வேணாம்னு பிடிச்சேன். பின்னாடி நீங்களும் பிடிச்சிருப்பீங்கன்னு நான் ஜோசியமா பார்த்தேன்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பு சிரிப்பாக இல்லை. "அவளை வர வேணாம்னு எழுதினதையும் பிரிச்சிடுங்க" என்றாள். பிரித்துவிட்டேன். வேலையை விட வேண்டாம், லீவு சொல்லிவிட்டு வா. வரும்போது அகல எலாஸ்டிக்காகப் பார்த்து நாலு மீட்டர் வாங்கி வா. எங்கள் இரண்டு பேர் கையில் இனி பேன்ட்டைக் கொடுக்க முடியாது.